கித்தான் வாகனக் கூரை புதுப்பித்தல்

கித்தான் வாகனக் கூரை புதுப்பித்தல் என்பது, ஜீப், லேண்ட் ரோவர், படைத்துறைச் சரக்குந்து முதலிய வாகனங்களில் ஏற்கனவே பயன்படுத்தப்பட்ட கித்தான் கூரையைத் துப்புரவு செய்து, பழுதுகளைச் சீராக்கி, மீண்டும் நீர் புகாதவாறு பதப்படுத்தும் செயல்முறை ஆகும். புதிய கூரை கிடைக்காத பழைய வாகனங்களுக்கும், புதியதன் விலை மிகுதியாக உள்ள இடங்களிலும் இம்முறை பின்பற்றப்படுகின்றது.

துப்புரவும் நீர்காப்பும் தனித்தனி வேலைகளாகத் தோன்றினாலும், அவை ஒன்றையொன்று சார்ந்தவை. துப்புரவின்போது துணியில் தங்கிவிடும் சலவைப்பொருளும் ஈரமுமே பின்னர் பூசப்படும் நீர்விலக்கி பயனற்றுப் போவதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. மேலும், கித்தானைச் சிதைக்கும் சில முறைகள் அதனை முதலில் வெண்மையாகவும் புதியதாகவும் காட்டுவதால், கேடு பிந்தியே தெரியவருகின்றது.

## சொற்கள்

*கித்தான்* என்பது தடித்த நூலால் நெருக்கமாக நெய்யப்பட்ட முரட்டுத் துணியைக் குறிக்கும். ஆங்கிலத்தில் வழங்கும் *கான்வாஸ்* என்னும் சொல், சணல் செடியைக் குறிக்கும் *கன்னாபிஸ்* என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பருத்திக் கித்தானின் ஒரு வகைக்கு வழங்கும் *டக்* என்னும் பெயர், துணி எனப் பொருள்படும் *டூக்* என்ற டச்சுச் சொல்லில் இருந்து தோன்றியது. வாத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரித்தானியாவில் வண்டியின் கித்தான் கூரை *டில்ட்* எனப்படுகின்றது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் *படுதா*, *டாப்* ஆகிய சொற்கள் வழங்குகின்றன. நெகிழி பூசப்பட்ட துணி *ரெக்சின்* எனப்படும். சரக்குந்துகளின் மேல் போர்த்தப்படும் *தார்ப்பாய்*, பெயருக்கேற்ப, தொடக்கத்தில் தார் பூசப்பட்ட துணியாகவே இருந்தது.

## வரலாறு

பாய்மரக் கப்பல்களில் பயன்பட்ட கித்தான், சணல், ஆளி ஆகிய செடிகளின் நார்களால் ஆனது. கப்பற் சரக்கை மூடும் துணிகளுக்குத் தார் பூசப்பட்டது. வட அமெரிக்காவில் 18ஆம் நூற்றாண்டில் வழங்கிய கோனெஸ்டோகா வகைச் சுமைவண்டிகள், வளைந்த மரச்சட்டங்களின் மேல் விரித்த துணிக்கூரையைக் கொண்டிருந்தன. பிற்கால வாகனங்களின் கூரை அமைப்புக்கு இவ்வண்டிகளை முன்னோடி எனலாம்.

1823 இல் சார்லஸ் மெக்கின்டாஷ், இரு துணிகளுக்கிடையே இரப்பரை வைத்து ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 19ஆம் நூற்றாண்டிலேயே *வில்லெஸ்டன் கித்தான்* என்னும் வகையும் புழக்கத்துக்கு வந்தது. செம்பும் அமோனியாவும் கலந்த கரைசல் செல்லுலோசை ஓரளவு கரைக்கவல்லது. இக்கரைசலில் தோய்த்தெடுக்கப்பட்ட துணியின் மேற்பரப்பு இறுகுவதோடு, அதில் தங்கும் செம்பு பூஞ்சையின் வளர்ச்சியையும் தடுக்கின்றது. இத்துணியின் பச்சை நிறம் செம்பினால் ஏற்படுவதாகும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளை உருவாக்கின. கழற்றி மடித்து வைக்கத்தக்க கித்தான் கூரை இவற்றில் இடம்பெற்றது. 1948 இல் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரிலும் கித்தான் கூரை பயன்பட்டது. இந்தியாவில் 1940களின் பிற்பகுதியில் மகிந்திரா நிறுவனம் மும்பையில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய பின்னர், மலைத்தோட்டப் பகுதிகளில் படுதாக் கூரையுடைய ஜீப் பரவலாயிற்று. பின்னாளில் பருத்தியின் இடத்தை ரெக்சினும் செயற்கை இழைத் துணிகளும் பெருமளவு பிடித்துக்கொண்டன.

## நீர்காப்பின் அடிப்படை

பருத்திக் கித்தான் ஒரு தொடர்ச்சியான படலம் அன்று. பாவு நூல்களுக்கும் ஊடை நூல்களுக்கும் இடையே நுண்ணிய இடைவெளிகள் உள்ளன. எனினும் அது மழையைத் தாங்குவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

### நார் உப்புதல்

பருத்தி நார் நீரை உறிஞ்சிக் குறுக்குவாட்டில் உப்புகின்றது. இதனால் நூல்களுக்கு இடையேயான இடைவெளிகள் சுருங்குகின்றன. மான்செஸ்டரில் இருந்த ஷெர்லி ஆய்வுநிலையம், கடலில் விழும் பிரித்தானிய விமானிகளுக்காக இரண்டாம் உலகப்போரின்போது உருவாக்கிய *வென்டைல்* என்னும் பருத்தித் துணி, இப்பண்பையே அடிப்படையாகக் கொண்டது. தையலுக்குப் பருத்தி நூலோ, பாலியெஸ்டர் உள்ளிழையின் மேல் பருத்தி சுற்றப்பட்ட நூலோ பயன்படுத்தப்படுவதும் இதனாலேயே ஆகும். பருத்தி உப்பி ஊசித் துளையை அடைக்கின்றது. பாலியெஸ்டர் வலுவைத் தருகின்றது.

### நீர் விலக்கல்

மெழுகு, சிலிக்கோன் போன்ற பொருட்கள் நாரின் மேல் மெல்லிய படலமாகப் படியும்போது, நீர்த்துளி பரவாமல் உருண்டு நிற்கின்றது. துளிக்கும் துணிக்கும் இடையேயான தொடுகோணம் 90 பாகையை மிஞ்சினால், நுண்துளை நீரை உள்ளிழுப்பதற்கு மாறாக வெளியே தள்ளுகின்றது. இவ்வெதிர்ப்பின் அளவு துளையின் விட்டத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும்.

தூய நீரின் பரப்பு இழுவிசையையும் (மீட்டருக்கு 0.072 நியூட்டன்), 110 பாகைத் தொடுகோணத்தையும் கொண்டு கணக்கிட்டால் கிடைக்கும் மதிப்புகள்:

* 0.1 மி.மீ. விட்டமுள்ள துளை: ஏறத்தாழ 985 பாஸ்கல், அதாவது 10 செ.மீ. உயர நீரின் அழுத்தம்
* 0.3 மி.மீ. விட்டமுள்ள துளை: ஏறத்தாழ 330 பாஸ்கல், அதாவது 3.3 செ.மீ. உயர நீரின் அழுத்தம்

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் எதிர்கொள்ளும் காற்றின் இயக்க அழுத்தம் ஏறத்தாழ 300 பாஸ்கல் ஆகும். எனவே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளபோது ஒழுகாத கூரை, ஓடும்போது முன்விளிம்புத் தையலில் ஒழுகுவது இயல்பே. தொய்ந்த கூரையில் குளம்போல் தேங்கும் நீர் ஓரிரு மணி நேரத்தில் சொட்டத் தொடங்குவதும் இதே காரணத்தினால் ஆகும்.

சலவைப்பொருளின் மூலக்கூறு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதோடு நாரின் மேலும் ஒட்டிக்கொள்கின்றது. அதனால் தொடுகோணம் 90 பாகைக்குக் கீழே சென்றுவிடுகின்றது. அந்நிலையில் அதே துளை நீரை உள்ளிழுக்கும் குழாயாக மாறுகின்றது.

## பழைய கூரையில் ஏற்படும் சிதைவுகள்

* ஒளிச்சிதைவு: கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் செல்லுலோசுச் சங்கிலிகளை முறிக்கின்றன. கூரையின் மேற்பகுதியே பக்கத் திரைகளைவிட முதலில் நைகின்றது. இச்சிதைவை எந்தப் பூச்சினாலும் மீட்க இயலாது.
* பூஞ்சணம்: ஈரத்துடன் மடித்து வைக்கப்படும் கித்தானில் பூஞ்சைகள் வளர்கின்றன. இவற்றுள் சில செல்லுலோசையே உணவாகக் கொள்வதால் துணி மக்குகின்றது. கரும்புள்ளிகள் மட்டும் இருந்து வலு குறையாத துணியும் உண்டு. புள்ளிகள் வெளுத்திருந்தும் மக்கிய துணியும் உண்டு.
* துரு: இரும்புக் கண்வளையங்களிலும் வளைச்சட்டங்களிலும் உண்டாகும் துரு, செல்லுலோசு ஆக்சிசனேற்றம் அடைவதை விரைவுபடுத்துகின்றது. எனவே துருக்கறையைச் சுற்றியுள்ள துணி முதலில் கிழிகின்றது.
* உராய்வு: வளைச்சட்டத்தின் மேல் படியும் இடங்களிலும், ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் மடிக்கப்பட்ட கோடுகளிலும் நூல் தேய்கின்றது.
* தையல் சிதைவு: துணி நன்றாக இருக்கும்போதே தையல் நூல் இற்றுப்போவதுண்டு. இது எளிதில் சீராக்கத்தக்க குறைபாடாகும்.

## தேர்வுச் சோதனைகள்

துப்புரவுக்கும் நீர்விலக்கிக்கும் செலவிடும் முன்னர், துணி காப்பாற்றத்தக்கதா என்பதை அறிந்துகொள்வது முதன்மையானதாகும். இதற்குச் சில எளிய சோதனைகள் உள்ளன.

### துணியின் வகை

உள்விளிம்பில் இருந்து உருவப்பட்ட ஒரு நூலை, கூரையில் இருந்து தொலைவில் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் உருகி, ஆறியபின் கெட்டியான மணியாகும். இரண்டும் கலந்த நூலில் இரு பண்புகளும் தென்படும். ரெக்சின் வகைகளின் ஒரு பக்கம் பளபளப்பான நெகிழிப் படலமாக இருக்கும். அவை திரவத்தை உறிஞ்சா என்பதால் இக்கட்டுரையில் கூறப்படும் நீர்காப்பு முறைகள் அவற்றுக்குப் பொருந்தா.

### வலு

கூரையின் உச்சியிலும், பின் சாளரத்தின் ஓரத்திலும், மடிப்புக் கோட்டிலும் துணியை இரு கைகளின் பெருவிரல்களுக்கிடையே பிடித்து எதிரெதிர்த் திசையில் இழுக்க வேண்டும். நல்ல துணி விறைத்து நிற்கும். இற்ற துணி நறநறவென்ற ஒலியுடன் பிளக்கும். தடித்த ஊசியைக் குத்தும்போது நல்ல துணியின் நூல்கள் விலகி வழிவிடுகின்றன. மக்கிய துணியின் நூல்கள் முறிகின்றன.

### ஒளி

துணியைக் கதிரவனுக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகளும் தேய்ந்த இடங்களும் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். இவற்றைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வைத்தல் பழுதுபார்க்க உதவும்.

மேற்பகுதி முழுவதும் இற்றிருந்தால் புதுப்பித்தல் பயன் தராது. மேற்பகுதி இற்று, பக்கத் திரைகள் நன்றாக இருந்தால், மேற்பகுதியை மட்டும் புதிய துணியால் மாற்றிப் பழைய குமிழ்களையும் நாடாக்களையும் மீண்டும் பயன்படுத்துவது வழக்கம். அதே தடிப்புள்ள துணியைத் தேர்வதற்கு எடை உதவுகின்றது. ஆங்கில அளவுமுறையில் ஒரு சதுர யாருக்கு 1 அவுன்சு என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 34 கிராம் ஆகும். *10ஆம் எண் டக்* எனப்படும் கித்தான் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிராம் எடையுள்ளது. டக் துணிகளில் எண் கூடக்கூட எடை குறையும்.

## துப்புரவு

### உலர் துப்புரவு

முதற்கட்டத்தில் நீர் பயன்படுத்தப்படுவதில்லை. கூரை முற்றிலும் உலர்ந்தபின் வெளியிடத்தில் விரித்து, மென்மையான தூரிகையால் புழுதியும் உலர்ந்த பூஞ்சணமும் அகற்றப்படுகின்றன. நனைந்தால் சேறாகி நூலிடையே புகுந்துவிடும் மண்ணின் பெரும்பகுதி இக்கட்டத்திலேயே நீங்கிவிடும். பூஞ்சை வித்துகள் மூச்சுடன் உட்செல்லாதிருக்க முகமூடி அணிவது தேவையாகும்.

### கழுவுதல்

கித்தானைச் சமதளத்தில் விரித்தோ, வாகனத்தின் வளைச்சட்டத்திலேயே பூட்டியோ, குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரால் கழுவ வேண்டும். சூடான நீர் பருத்தியைச் சுருங்கச் செய்வதோடு, எஞ்சியுள்ள பழைய மெழுகையும் இளக்குகின்றது. ஒரு மீட்டருக்கு ஓரிரு செ.மீ. சுருங்கினாலும் குமிழ்கள் உரிய துளைகளை எட்டமாட்டா.

வெறும் நீரே பல சமயங்களில் போதுமானது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் தூய சவர்க்காரத்தைச் சிறிதளவு கரைத்து, அவ்விடத்தில் தூரிகையால் தேய்க்கலாம். நிற ஒளிர்ப்பான்களும் வாசனைப் பொருட்களும் சேர்ந்த சலவைத்தூளைத் தவிர்க்க வேண்டும். உப்பு மிகுந்த கடினநீரில் சவர்க்காரம் கரையாத படிவாகித் துணியில் ஒட்டும் என்பதால், மழைநீரோ மென்னீரோ ஏற்றது.

சலவை இயந்திரத்தில் கித்தானைச் சுழற்றுவது பரவலாகக் காணப்படும் தவறாகும். நனைந்த தடித்த துணியில் ஏற்படும் மடிப்புகளில் நூல் முறிகின்றது. கண்வளையங்கள் துணியைக் கிழிக்கின்றன. நீர்விலக்கி ஒரே சலவையில் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றது. உயர் அழுத்த நீர்ப்பீச்சியும் நூலிழைகளைப் பிரித்து இடைவெளிகளை அகலமாக்குகின்றது.

### பூஞ்சணம் அகற்றல்

பூஞ்சையை அழிப்பதும் கறையை நீக்குவதும் ஒன்றல்ல. நாரினுள் ஊறிய கருநிறமிகள் பூஞ்சை அழிந்த பின்னரும் எஞ்சியிருக்கும். அவற்றால் துணிக்குத் தீங்கில்லை. நீர்த்த வினிகரைத் தடவிச் சிறிது நேரத்துக்குப் பின் நன்கு அலசி, வெயிலிலும் காற்றிலும் முழுமையாக உலரவிடுவது மென்மையான முறையாகும்.

குளோரின் வெளுப்பான் கறையை விரைவில் போக்கவல்லது. ஆயினும் அது செல்லுலோசை ஆக்சிசனேற்றம் செய்து நாரை நலிவடையச் செய்கின்றது. தையல் நூலும் இதனால் கெடும். நூலிலேயே நிறமேற்றப்பட்ட அக்ரிலிக் துணிகளுக்கு நீர்த்த வெளுப்பான் பரிந்துரைக்கப்படுவதுண்டு. அப்பரிந்துரையைப் பருத்திக்கும் பொருத்துவதாலேயே பல கூரைகள் பாழாகின்றன.

### அலசுதல்

அலசிய நீரில் நுரை தோன்றாதவரை அலசுவது தொடர வேண்டும். நுரை நின்றபின்னும் ஒரு முறை கூடுதலாக அலசுதல் நன்று. துணி உலர்ந்தபின் அதன் மேல் ஒரு துளி நீரை விட்டு, உறிஞ்சப்படும் வேகத்தைப் பல இடங்களில் ஒப்பிடலாம். தேய்த்த இடத்தில் மட்டும் துளி உடனடியாகப் பரவினால், அங்குச் சவர்க்காரம் எஞ்சியிருக்கலாம். அல்லது பழைய பூச்சு நீங்கியிருக்கலாம். மீண்டும் அலசியபின் எடுத்த நீரைக் குப்பியில் இட்டுக் குலுக்கினால், நுரையின் மூலம் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியலாம்.

### உலர்த்துதல்

நனைந்த கூரையைக் கொடியில் தொங்கவிடுவதைவிட, வாகனத்தின் சட்டத்திலேயே பூட்டி, நாடாக்களை அளவாக இழுத்துக் கட்டி உலர்த்துவது சிறந்தது. துணி சட்டத்தின் வடிவிலேயே உலர்வதால் சுருக்கம் மட்டுப்படுகின்றது. நூல்கள் பல அடுக்குகளாகச் சேரும் விளிம்பு மடிப்புகளும் நாடா அடிகளும் கடைசியில் உலர்கின்றன. பரப்பு உலர்ந்துவிட்டது என்பதைக் கொண்டு விளிம்பும் உலர்ந்ததாகக் கருதிவிடக் கூடாது.

## பழுதுபார்த்தல்

தையலும் ஒட்டும் நீர்காப்புக்கு முன்பே முடிக்கப்பட வேண்டும். மெழுகோ சிலிக்கோனோ பூசிய துணியில் பசை ஒட்டுவதில்லை.

* கிழிசலுக்கு அதே எடையுள்ள பருத்தித் துணியை, ஓரங்களை உள்மடித்து, உட்புறமாக வைத்துத் தைக்க வேண்டும். பாவின் திசை பொருந்தியிருத்தல் வேண்டும். மாறினால் இரு துணிகளும் நனையும்போது வேறுவேறாகச் சுருங்கி மடிப்பு விழும்.
* பிரிந்த தையலைப் பழைய துளைகளின் வழியாகவே மீண்டும் தைப்பது நன்று. புதிய துளைகள் துணியை வலுவிழக்கச் செய்வதோடு ஒழுகும் இடங்களையும் பெருக்குகின்றன.
* துருப்பிடித்த கண்வளையங்களை அகற்றிப் பித்தளை வளையங்களைப் பொருத்தலாம். துளை பெரிதாகிவிட்டிருந்தால், அடியில் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்த பின்னரே வளையம் அடிக்கப்படுகின்றது.

## நீர்விலக்கிகள்

* மெழுகு, கரைப்பானில்: கனிம டர்பன்டைன் போன்றவற்றில் கரைக்கப்பட்ட பாரபின் மெழுகு. நன்கு ஊடுருவும். துணி கனத்து, சற்றுக் கருத்து, புழுதியை ஈர்க்கும். எளிதில் தீப்பற்றும்.
* மெழுகு, நீரில்: மெழுகு நுண்துளிகளாக நீரில் கலந்த பால்மம். தீ அபாயமும் நெடியும் குறைவு. இவ்வகையில் சிலவற்றை ஈரத்துணியின் மேலேயே பூசலாம்.
* சிலிக்கோன்: துணியின் நிறத்தையும் மென்மையையும் பெரிதும் மாற்றாது. ஒருமுறை பூசியபின் அதன்மேல் வேறு வகைப் பூச்சுகள் சரிவரப் பிடிப்பதில்லை.
* புளூரோகார்பன்: நீரையும் எண்ணெயையும் விலக்கும். இவ்வகையில் பயன்பட்ட நீண்ட சங்கிலிச் சேர்மங்கள் சூழலில் சிதையாமல் தங்குபவை. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2009 இல் பிஎஃப்ஓஎஸ் என்பதும், 2019 இல் பிஎஃப்ஓஏ என்பதும் சேர்க்கப்பட்டன.
* அலுமினியச் சவர்க்காரம்: துணியைச் சவர்க்காரக் கரைசலிலும் பின்னர் படிகாரக் கரைசலிலும் தோய்க்கும் பழைய முறை. நீரில் கரையாத அலுமினியச் சவர்க்காரம் நாரில் படிந்து நீரை விலக்குகின்றது. தீ அபாயம் அற்றது. எனினும் சீராகப் படியச் செய்வது கடினம்.
* ஆளிவிதை எண்ணெய்: காற்றில் உலர்ந்து கெட்டிப்படலமாகும். துணி விறைத்து, மடிக்கும்போது வெடிக்கும். வாகனக் கூரைக்குப் பொருத்தமற்றது.

### பூசும் முறை

முதலில், பழைய பூச்சு எவ்வகையைச் சார்ந்தது என்பதை அறிய வேண்டும். அறிய இயலாதபோது, கண்ணில்படாத ஓர் உள்மூலையில் உள்ளங்கை அளவுக்குப் பூசி, முழுமையாக உலர்ந்தபின் நீர் தெளித்துச் சோதித்தல் வழக்கம். நிற மாற்றத்தையும் இச்சோதனை காட்டிவிடும்.

கரைப்பான் வகைகளுக்குத் துணி முற்றிலும் உலர்ந்திருத்தல் வேண்டும். நாரினுள் நீர் இருக்கும் இடத்தில் கரைப்பான் புக இயலாது. நீர்ப்பால்ம வகைகளுக்குக் குறியீட்டுத்தாளில் கூறப்பட்ட நிலையே பொருந்தும்.

1. தெளிந்த நெகிழிச் சாளரங்களைக் காகிதத்தாலும் ஒட்டுநாடாவாலும் மறைக்க வேண்டும். கரைப்பான் பட்டால் அவை மங்கிவிடும்.
2. கூரையைச் சட்டத்தில் பூட்டி, வெளிப்புறத்தில் அகலமான தூரிகையால் மேலிருந்து கீழாகப் பூச வேண்டும். ஒரு பகுதியின் ஈர ஓரம் உலருமுன் அடுத்ததைத் தொடர்ந்தால் திட்டுத் திட்டாகத் தெரியாது.
3. தையல்களின் மேல் இருமுறை பூச வேண்டும். ஊசித் துளைகளே மிகப் பெரிய துளைகள் ஆகும்.
4. ஒரே தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் சிறந்தவை. தேங்கிய திரவத்தைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.
5. நெடி முற்றிலும் அடங்கும்வரை காற்றோட்டமான இடத்தில் உலரவிட வேண்டும்.

### சோதித்தல்

பூவாளியால் நீர் தெளித்து, உட்புறத்தில் இருந்து நோக்குவது போதுமான சோதனையாகும். நீர் மணிகளாக உருண்டோட வேண்டும். நீரைக் குளம்போல் தேக்கிச் சோதிப்பது, மேலே கூறப்பட்ட கணக்கின்படி, நல்ல கூரையையும் ஒழுகச் செய்யும். புதிதாகத் தைத்த இடங்களில் முதல் மழையில் சிறிது கசிவு இருக்கலாம். நூல் ஓரிரு முறை நனைந்து உலர்ந்தபின் துளை அடைபடுகின்றது.

## தீயும் உடல்நலமும்

1944 சூலை 6 அன்று ஐக்கிய அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டு நகரில், ரிங்லிங் சகோதரர்கள் வட்டரங்கின் பெருங்கூடாரம் தீப்பற்றியது. அக்கூடாரத்தின் கித்தான், பெட்ரோலில் கரைக்கப்பட்ட பாரபின் மெழுகினால் நீர்காப்புச் செய்யப்பட்டிருந்தது. சில நிமிடங்களில் கூடாரம் முழுவதும் எரிந்தது. உருகிய மெழுகு தீயுடன் கீழே இருந்தோர் மீது சொட்டியது. ஏறத்தாழ 167 பேர் உயிரிழந்தனர். தீயின் தொடக்கக் காரணம் பற்றிக் கருத்து வேறுபாடுகள் இருப்பினும், அது பரவிய வேகத்துக்கு மெழுகுப் பூச்சு காரணமாயிற்று என்பதில் ஐயமில்லை.

பெட்ரோலில் மெழுகைக் கரைத்துப் பூசும் செய்முறை அதன் பின்னரும் கைவைத்தியம்போல் வழங்கிவருகின்றது. இது முற்றிலும் தவிர்க்கத்தக்கது. பெட்ரோல், சுழியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியசு அளவிலேயே தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். அவ்வாவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவித் தொலைவிலுள்ள தீயை எட்டும். கரைப்பான் எந்த வகையினதாயினும், வேலை திறந்த வெளியில், அடுப்பு, புகைத்தல், மின்பொறி ஆகியவற்றுக்கு அப்பால் நடைபெற வேண்டும். மெழுகை நேரடித் தீயில் உருக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்குவது பாதுகாப்பானது. ஆளிவிதை எண்ணெயில் நனைந்த கந்தல்கள் குவித்து வைக்கப்பட்டால் தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கவல்லவை.

மெழுகு பூசிய கூரை எரியும் தன்மை மிகுந்தது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் 1972 இல் நடைமுறைக்கு வந்த 302ஆம் எண் வாகனப் பாதுகாப்புத் தரம், மடிப்புக் கூரை உள்ளிட்ட உட்பொருட்களில் தீ பரவும் வேகத்தை நிமிடத்துக்கு 102 மி.மீ. என வரையறுக்கின்றது. தொழிற்சாலையில் இத்தரத்தை நிறைவு செய்த துணியும், வீட்டில் வேறு பூச்சு ஏற்றப்பட்ட பின்னர் அதனை நிறைவு செய்யும் எனக் கொள்ள இயலாது. வாகனத்தின் உள்ளே அடுப்பு பயன்படுத்தும் பயணிகளுக்கு இது முதன்மையானதாகும்.

படைத்துறையில் இருந்து கழிக்கப்பட்ட பழைய கித்தானில் செம்பு நாப்தனேட்டு, பென்டாகுளோரோபீனால் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் இருக்கக்கூடும். பின்னது 2015 இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கடும் நெடியுள்ள இத்தகைய துணியைக் கையுறையுடன் கையாளவும், கழுவிய நீரைக் கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் விடாதிருக்கவும் வேண்டும். இற்றுப்போன துண்டுகளை எரிப்பதும், பாத்திரம் துடைக்கவோ படுக்கவோ பயன்படுத்துவதும் தீங்கானவை.

## பேணுதல்

* ஈரமான கூரையை மடிக்கக் கூடாது. பயணத்தில் மடிக்க நேர்ந்தால், வீடு சேர்ந்தவுடன் விரித்து உலர்த்த வேண்டும்.
* ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் மடிக்காமல் மாற்றி மடிப்பதோ சுருட்டுவதோ நன்று.
* பறவை எச்சத்தையும் மரச்சாற்றையும் உடனடியாக வெறும் நீரால் நீக்க வேண்டும்.
* மழையில் கூரையின் உட்புறத்தில் பொருட்கள் தொட்டுக்கொண்டிருந்தால், அவ்விடத்தில் நீர் வழி பெற்றுக் கசியும். நாடாக்களை இறுக்கித் தொய்வை நீக்குவது கசிவைக் குறைக்கும்.
* நீர் மணிகளாக உருளாமல் துணி கருத்து நனையத் தொடங்குவதே மறுபூச்சுக்கான அறிகுறியாகும். குறிப்பிட்ட கால இடைவெளியில் தேவையின்றிப் பூசுவது துணியைக் கனமாக்குமேயன்றிப் பயன் தராது.

## இவற்றையும் பார்க்க

* கித்தான்
* தார்ப்பாய்
* பருத்தி
* பரப்பு இழுவிசை
* நுண்புழைமை
* ஜீப்